கட்டையில் மாட்டும் பம்பர்

மால், மருத்துவமனை கார் நிறுத்தங்களில் சக்கரத்தைத் தடுக்க சிமென்ட் கட்டை போட்டிருப்பார்கள். பெரும்பாலும் 10 முதல் 15 சென்டிமீட்டர் உயரம். முன்சக்கரம் அதைத் தொடும் முன்பே பம்பரின் கீழ்விளிம்பு கட்டையைத் தாண்டிவிடும். உள்ளே போகையில் லேசான உரசல்தான். வினை ரிவர்ஸ் எடுக்கும்போது! வளைந்துகொடுத்து ஏறிய பிளாஸ்டிக் விளிம்பு, பின்னால் வரும்போது கொக்கிபோல் மாட்டும். கிளிப்புகள் தெறித்து பம்பரே பெயர்ந்துவிடும். ஆட்கள் ஏறி வண்டி தாழ்ந்திருந்தால் இன்னும் மோசம். பார்க்கிங் சென்சாரையும் முழுசாக நம்பாதீர்கள். தாழ்ந்த கட்டை பல சமயம் அதற்குத் தெரியாது. சக்கரம் இடிக்கும்வரை போயே தீரவேண்டும் என்று சட்டமா என்ன? கட்டைக்குச் சற்று முன்பே நிறுத்துங்கள். மாட்டியிருக்குமோ என்று சந்தேகம் வந்தால், ரிவர்ஸ் போடுமுன் இறங்கி ஒருதரம் குனிந்து பாருங்கள்.