ஆசனம் பயிலத் தொடங்குவோர்க்கு

திருவொற்றியூரிலோ இராயபுரத்திலோ யோகாசனப் பள்ளியில் புதிதாகச் சேருவோர் சிலர் முதல் நாளிலேயே தலைகீழாக நிற்க விழைகின்றனர். அவ்விரைவு வேண்டா. திருமூலர் யோகத்தின் எட்டு உறுப்புகளை உரைக்கும்போது ஆசனத்தை மூன்றாவதாகவே வைத்தார். இயமமும் நியமமும் அதற்கு முந்தியவை.

மைசூரில் பள்ளி நடத்திப் பின்னர் 1952இல் சென்னைக்கு வந்த திருமலை கிருஷ்ணமாசாரியார், ஒருவருடைய வயதையும் உடல்நிலையையும் தொழிலையும் ஆராய்ந்தே பயிற்சி வகுத்தார். துறைமுகத்தில் சுமை தூக்கி இடுப்பு நொந்தவருக்கும், பரீட்சைக்குக் குனிந்து படித்துத் தோள் இறுகிய மாணவருக்கும் ஒரே ஆசனம் எவ்வாறு பொருந்தும்? உங்களுக்குள்ள நோவை ஆசிரியரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதைக் கேளாமலே எல்லோரையும் ஒன்றுபோல் வளைக்கும் ஆசிரியரை விட்டு விலகுவதே நலம்.

அவர் முறையில் கையை உயர்த்துங்கால் மூச்சு உட்செல்லும். முன்புறம் குனியுங்கால் வெளிவரும். மூச்சுத் திணறுமானால் அளவு கடந்துவிட்டது என்று அறிக.

நம் பகுதியினர்க்குத் தனியே ஒரு சொல். 2023 டிசம்பரில் எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. பெரியகுப்பம் மக்கள் நள்ளிரவில் கண்ணெரிச்சலோடு வீடுவிட்டு ஓடினர். அவ்வளவுக்குப் போகாவிடினும், காற்றில் நெடி வீசும் நாளில் பிராணாயாமம் செய்யற்க. அன்று சாளரத்தை அடைத்துவிட்டுச் சிறிது நேரம் சவாசனத்தில் கிடந்தால் போதும்.