படுத்தே கிடக்கவும் வேண்டாம், மலைக்கு ஓடவும் வேண்டாம்

(மாதர் பிரிவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் லயத்தில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும் வீட்டார் முதலில் என்ன செய்கிறோம்? கட்டிலில் படுக்க வைக்கிறோம். "நீங்க எழும்பாதீங்கம்மா, எல்லாம் நாங்க பாத்துக்கிறோம்" என்கிறோம். பாசத்தில் சொல்வதுதான். ஆனால் அந்தப் பாசம் நோயாளியின் கால் பலத்தைக் குறைத்துவிடுகிறது.

மஹரகமவிலோ கண்டியிலோ மருந்தேற்றிக்கொண்டு வருபவருக்கு வரும் களைப்பு, நாள் முழுக்கக் கொழுந்து பறித்த களைப்பு மாதிரி அல்ல. வேலைக் களைப்பு ஒரு இரவு தூங்கினால் தீரும். இது தூங்கினாலும் தீராது. படுக்கப் படுக்கத் தசை மெலியும். தசை மெலிய மெலியக் களைப்பு கூடும். இதை மாற்ற நம் கையில் உள்ள செலவில்லாத வழி நடை.

இது பாட்டி வைத்தியம் அல்ல. பல நாட்டு ஆய்வுகளைப் பார்த்த நிபுணர்கள் 2019இல் ஒரு அளவு சொன்னார்கள்: வாரத்தில் 3 நாள், ஒரு நாளைக்கு 30 நிமிடம், மிதமான வேகத்தில். இரண்டு மூன்று மாதம் விடாமல் செய்தால் களைப்பும் மனக்கவலையும் குறையும் என்றார்கள். சிகிச்சை நடக்கும்போதே உடற்பயிற்சி வேண்டும் என்று அமெரிக்கப் புற்றுநோய் வைத்தியர் சங்கம் 2022இல் பரிந்துரைத்தது.

30 நிமிடம் என்றதும் பயப்படாதீர்கள். முதலில் வைத்தியரிடம் கேளுங்கள். அவர் சரி என்றால், காலையில் 5 நிமிடம், மாலையில் 5 நிமிடம் என்று தொடங்குங்கள். லயத்து வாசல், கோயில் முற்றம், தோட்டத்துப் பாதையில் சமமான இடம் போதும். நடக்கும்போது பேச முடிய வேண்டும்; பேச்சு நின்று மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். மருந்தேற்றிய முதல் சில நாட்கள் குறைவாக நடக்கலாம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம்.

சில மருந்துகளால் பாதம் மரத்துப் போகும். அப்போது வெறுங்காலோடும் செருப்போடும் சறுக்கும் படிக்கட்டில் இறங்காதீர்கள், சப்பாத்து போடுங்கள். அட்டை உள்ள புல்லுப் பக்கம் போகாதீர்கள். இரத்தம் உறைவது குறைந்திருந்தால் கடிவாய் லேசில் நிற்காது. துணைக்கு ஒருவர் கூட நடக்கட்டும்.

காய்ச்சல், நெஞ்சுவலி, தலைச்சுற்று, இரத்தக் கசிவு, புதிதாக எலும்பு வலி இருந்தால் நடக்கக் கூடாது. மருந்தேற்றும் காலத்தில் காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர் சிகிச்சை பெறும் ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. விழுங்க முடியாமல் சாப்பாடு குறைந்திருக்கும்போது வெறும் வயிற்றில் நடக்காதீர்கள். கஞ்சியோ பாலோ குடித்துவிட்டு நடங்கள். எடை குறைந்துகொண்டே போனால் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

இப்போது சங்கம் பேச வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். ஒரு சகோதரி வாசலில் நடப்பதைப் பார்த்துவிட்டு, "நடக்க முடியுதுன்னா வேலைக்கு வர முடியாதா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்தே கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கும் பெண்கள் இருக்கிறார்கள். சொல்லுங்கள், சமமான இடத்தில், நினைத்த நேரம் நின்று, களைத்தால் உட்கார்ந்து நடக்கும் 10 நிமிடமும், மழையில், சரிவில், சுமையோடு, கிலோ கணக்குக்காக நிற்கும் 8 மணி நேரமும் ஒன்றா? முன்னது மருந்து. பின்னது வேலை. மார்பில் சத்திரசிகிச்சை செய்தவர் திடீரெனப் பாரம் தூக்கினால் கை வீங்கவும் கூடும்.

ஆகவே கிளினிக்கில் வைத்தியரிடம் கேட்டு, எவ்வளவு காலம் ஓய்வு, எப்போது இலகு வேலை, எந்த வேலை கூடாது என்று எழுதி வாங்குங்கள். அந்தக் கடிதத்தின் ஒரு பிரதியைத் தோட்டத் தலைவரிடமோ மாதர் தலைவியிடமோ கொடுங்கள். நிர்வாகத்திடம் பேசுவது எங்கள் பொறுப்பு.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று. இன்று மாலை உங்கள் லயத்தில் சுகமில்லாமல் இருக்கும் அக்காவின் வாசலுக்குப் போய், "வாங்கக்கா, கோயில் வரைக்கும் நடந்துட்டு வருவோம்" என்று கூப்பிடுங்கள்.