இருவரை எதிர்த்து ஒருவர்: சிறுவர் காற்பந்தில் தற்காப்புப் பயிற்சி



பள்ளிகளுக்கிடையிலான ஆட்டங்களில் அடிக்கடி காணும் காட்சி ஒன்றுண்டு. ஒரு குழு முழுவதும் எதிரணியின் கோலை நோக்கித் திரண்டு போயிருக்கும். தற்காப்புக்கென நிறுத்தப்பட்டவர்களும் ஆவல் மிகுதியால் திடலின் நடுக்கோட்டைத் தாண்டியிருப்பார்கள். அந்த நேரத்தில் பந்து பறிபோகும். எதிரணியில் ஒருவன் பந்தோடும் மற்றொருவன் அவனுக்குத் துணையாகவும் ஓடி வருவார்கள். அவ்விருவருக்கும் கோல் காவலருக்கும் இடையில் பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன் தன்னந்தனியே நிற்பான். "போ, போய்ப் பந்தை எடு, விடாதே!" என்று கோட்டோரத்திலிருந்து குரல்கள் எழும். அவனும் பாய்வான். பந்தோடு வருபவன் அதைத் துணைவனிடம் மெல்லத் தள்ளிவிடுவான். கோல் விழும். எல்லாருடைய கண்களும் அந்தச் சிறுவன் மீதே திரும்பும். அடுத்த வாரம் அவன் பயிற்சிக்கு வராமல் போனாலும் வியப்பதற்கில்லை.

ஆள் குறைந்த அந்த நேரத்தில் சிறுவன் என்ன செய்தல் வேண்டும், அதை நாம் அவனுக்கு எவ்வாறு பழக்குவது என்பவற்றையே இன்றைய உரையில் காண்போம்.

முதலில் ஓர் உண்மையை மனத்தில் இருத்திக் கொள்வோம். ஆள் குறைவு என்பது நிலையானதன்று. குழுவில் ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பின்னால் ஓடி வந்து கொண்டிருக்கிறார்கள். ஆரம்பப் பள்ளி மாணவன் விரைந்து ஓடினால் ஒரு விநாடியில் ஏறத்தாழ நான்கைந்து மீட்டர் கடப்பான். கடைசியில் நிற்கும் சிறுவன் எதிரிகளை மூன்று விநாடி தாமதப்படுத்தினால், பன்னிரண்டு மீட்டருக்கு அப்பாலிருந்த நண்பன் அவன் அருகில் வந்து விடுவான். எனவே அவனுடைய வேலை பந்தைப் பறிப்பதன்று; நேரத்தைச் சம்பாதிப்பது. இந்த ஒன்றை அவன் மனத்தில் பதித்து விட்டால் பாதிப் பயிற்சி முடிந்தது எனலாம்.

ஆள் குறைந்தாலும் ஒழுங்கு இருந்தால் தாக்குப் பிடிக்கலாம் என்பதற்குச் சான்று உண்டு. 1989, 1990 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்ற இத்தாலியின் ஏ.சி. மிலான் குழுவுக்கு அர்ரிகோ சாக்கி பயிற்சியாளராக இருந்தார். அவர் கோல் காவலர் ஒருவரையும் தற்காப்பாளர் நால்வரையும் ஒரு பக்கத்தில் நிறுத்துவார். குல்லிட், வான் பாஸ்டன் உள்ளிட்ட பத்துப் பேரை மறுபக்கத்தில் நிறுத்துவார். பதினைந்து நிமிடங்களுக்குள் பத்துப் பேரும் சேர்ந்து ஒரு கோல் போட வேண்டும். பந்தை இழந்தால் தங்கள் பாதித் திடலுக்குத் திரும்பிப் போய் மீண்டும் தொடங்க வேண்டும். அவர்களால் ஒரு தடவை கூடக் கோல் போட முடியவில்லை என்று சாக்கி பின்னாளில் கூறியிருக்கிறார். அந்த நால்வரும் உலகின் தலைசிறந்த தற்காப்பாளர்கள்தாம். ஆயினும் அவர்களைக் காத்தது கால் திறன் மட்டுமன்று. எங்கே நிற்பது, எப்போது அசைவது என்ற ஒழுங்கே ஆகும்.

திருவள்ளுவர் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்திருக்கிறார். தனித்து நிற்கும் தற்காப்பாளருக்குத் தேவையானவையும் இம்மூன்றே. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது வலி. தனக்கு என்ன துணை இருக்கிறது என்பதைச் சிறுவன் அறிய வேண்டும். இருவர் எதிரே வரும்போது தான் ஒருவனே என்று அவன் நினைக்கிறான். அது சரியன்று. பின்னால் கோல் காவலர் இருக்கிறார். ஆகவே வேலையைப் பங்கிட்டுக் கொள்ளலாம். துணைவனுக்குப் பந்து போகாமல் தடுப்பது தற்காப்பாளரின் பங்கு. தூரத்திலிருந்து வரும் உதையைப் பிடிப்பது கோல் காவலரின் பங்கு. அதற்குக் காவலர் கோட்டிலேயே ஒட்டிக் கொண்டிராமல் சற்று முன்வந்து நிற்க வேண்டும். முன்னால் இருப்பவனுக்குக் குரல் கொடுக்கவும் வேண்டும். "இடது பக்கம் ஒருவன்," "பொறு," "என் பந்து" என்ற சின்னஞ்சிறு சொற்கள் போதும். நம் நாட்டில் 1980ஆம் ஆண்டு மாஸ்கோ ஒலிம்பிக் போட்டிக்குத் தகுதி பெற்ற குழுவில் சோ சின் ஆன், சந்தோக் சிங் ஆகியோர் தற்காப்பிலும் ஆர். ஆறுமுகம் கோல் காவலிலும் நின்றார்கள். மலேசியா அப்போட்டியைப் புறக்கணித்ததால் அவர்கள் மாஸ்கோ செல்லவில்லை. எனினும் காவலரும் தற்காப்பாளரும் ஒரே அரணாக விளங்க வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்லும்போது, இன்றும் நாம் தயங்காமல் எடுத்துக் காட்டக்கூடிய பெயர்கள் அவை.

இரண்டாவது இடம். கோலின் அகலம் முழு அளவுத் திடலில் 7.32 மீட்டர். கோலுக்கு நேர் எதிரே நிற்பவனுக்கு அந்த அகலம் முழுவதும் கிடைக்கிறது. பக்கக் கோட்டை நோக்கி விலக விலக அது குறுகிக் கொண்டே போகிறது. இதை மாணவர்களுக்கு வாயால் சொல்வதைவிடக் கண்ணால் காட்டுவது நல்லது. இரண்டு கோல் கம்பங்களிலும் ஒவ்வொரு கயிற்றைக் கட்டி, அவற்றின் மறு முனைகளைப் பந்திருக்கும் இடத்தில் ஒரு மாணவன் பிடித்துக் கொள்ளட்டும். அவன் நடுவில் நிற்கும்போது கயிறுகள் அகன்று நிற்கும். அப்படியே அவனை ஓரத்துக்கு நடத்திச் சென்றால் அவை நெருங்கி ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் ஆகிவிடும். அதைப் பார்த்த மாணவன், எதிரியை ஓரத்துக்கு ஓட்ட வேண்டும் என்பதைப் பிறகு மறக்க மாட்டான்.

ஆயினும் இங்கே ஓர் ஐயம் எழலாம். பந்தோடு வருபவனை ஓரத்துக்கு ஓட்டுவதா, துணைவனுக்குப் போகும் பந்தைத் தடுப்பதா, எது முதலில் என்று மாணவர்கள் கேட்பார்கள். பந்தோடு வருபவன் ஏற்கெனவே ஓரத்தில் இருந்தால் இரண்டும் ஒன்றே. உள்ளே வரும் வழியை மறித்து நின்றாலே துணைவனுக்கான வழியும் அடைபட்டு விடும். அவன் நடுவில் வந்தால், இருவருக்கும் இடைப்பட்ட வழியில் நின்று பின்வாங்கிக் கொண்டே வர வேண்டும். துணைவனுக்குப் பந்து போனால் அவன் முன்னே வெறும் கோல்தான் இருக்கும். பந்தோடு வருபவன் தானே உதைத்தால் காவலர் அவன் முன்னே இருக்கிறார். இரண்டு ஆபத்துகளில் சிறியதைத் தெரிந்தெடுப்பதே அறிவுடைமை.

2019ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாள் இங்கிலாந்தில் லிவர்பூல் குழுவும் டோட்டன்ஹாம் குழுவும் மோதிய ஆட்டத்தில் இது அப்படியே நடந்தது. ஆட்டம் முடியும் தறுவாயில் கோல் எண்ணிக்கை ஒன்றுக்கு ஒன்று. டோட்டன்ஹாமின் சிசோக்கோவும் சோனும் ஓடி வர, லிவர்பூலின் வான் டைக் ஒருவரே எதிரில் நின்றார். கோல் போடுவதில் வல்லவர் சோன். வான் டைக் பந்தை நோக்கிப் பாயவே இல்லை. சோனுக்குப் பந்து போகும் வழியை அடைத்தபடியே பின்வாங்கினார். வேறு வழியின்றிச் சிசோக்கோ தமக்குப் பழக்கமில்லாத இடது காலால் உதைக்க நேர்ந்தது. பந்து கம்பத்துக்கு மேலே பறந்தது. பின்னர் லிவர்பூல் இரண்டுக்கு ஒன்று என வென்றது. அந்தத் தடுப்பில் வான் டைக்கின் கால் பந்தைத் தொடவில்லை என்பதை மாணவர்களுக்கு வலியுறுத்திச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது காலம். எவ்வளவு நேரம் பொறுப்பது, எப்போது பாய்வது? பின்வாங்குவதற்கும் ஓர் எல்லை உண்டு. காவலர் மேல் மோதும் வரை பின்வாங்கினால் பயனில்லை. ஏறத்தாழப் பெனால்டி எல்லைக் கோட்டை அடைந்ததும் நின்று எதிர்க்க வேண்டும். அதற்கு முன்பே பாய்வதற்கும் சில வாய்ப்புகள் வரும். பந்து எதிரியின் காலை விட்டுத் தொலைவாக உருண்டு விட்டால் பாயலாம். எதிரி தலையைக் குனிந்து பந்தையே பார்த்துக் கொண்டு வந்தால் நெருங்கலாம். துணைவனுக்குத் தள்ளிய பந்து வேகம் குறைந்து போனால் குறுக்கே புகுந்து எடுக்கலாம். இவற்றுள் எதுவும் நேராதவரை பொறுமையே பாதுகாப்பு. பதறாத காரியம் சிதறாது என்று நம் முன்னோர் சொன்னது திடலுக்கும் பொருந்தும்.

1970ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டியில் இங்கிலாந்தின் பாபி மூர் இதற்கு இலக்கணம் வகுத்தார். பிரேசிலின் ஜைர்சினோ முழு வேகத்தில் பந்தோடு ஓடி வந்தார். மூர் பின்வாங்கிப் பின்வாங்கிப் பெனால்டி எல்லைக்குள்ளேயே வந்து, சரியான கணத்தில் காலை நீட்டிப் பந்தைத் தூய்மையாகப் பறித்தார். அந்த ஆட்டத்தின் ஒரே கோலைப் போட்டு இங்கிலாந்தைத் தோற்கடித்தவரும் ஜைர்சினோதான். ஆட்டம் தோற்றது, ஆயினும் அந்தத் தடுப்பு அரை நூற்றாண்டு கடந்தும் பேசப்படுகிறது.

நிற்கும் முறையையும் பழக்க வேண்டும். இரு பாதங்களையும் நேராக வைத்து நின்றால் பந்து கால்களுக்கிடையே போய்விடும், திரும்புவதற்கும் நேரமாகும். உடலைச் சற்றே பக்கவாட்டில் திருப்பி, ஒரு காலை முன்னும் மற்றொன்றைப் பின்னும் வைத்து, முழங்காலை மடக்கி நிற்க வேண்டும். கண் பந்தின் மேல் இருக்கட்டும். எதிரியின் தோளசைவும் இடுப்பசைவும் ஏமாற்றும், பந்து ஏமாற்றாது.

ஆஃப்சைட் விதியை நம்பி முன்னே ஓடிவிடும் தந்திரத்தைச் சிறுவர்களுக்குக் கற்பிக்காமல் இருப்பதே நல்லது. 1990ஆம் ஆண்டு முதல், கடைசிக்கு முந்திய எதிரியோடு சமமாக நிற்பவர் ஆஃப்சைட் ஆகமாட்டார். அரை அடி பிசகினாலும் கோல்தான். மேலும், சிறுவர்க்கான சில போட்டிகளில் அவ்விதியே கடைப்பிடிக்கப்படுவதில்லை.

இனிப் பயிற்சி முறைக்கு வருவோம். முப்பது மீட்டர் நீளமும் இருபது மீட்டர் அகலமும் உள்ள இடம் போதும். கூம்புகள் இல்லாவிட்டால் காலணிகளை எல்லையாக வைக்கலாம். ஒரு முனையில் கோலும் காவலரும். நடுவில் ஒரு தற்காப்பாளர். மறு முனையில் பந்தோடு இருவர். அவர்களுக்குப் பத்து மீட்டர் பின்னால் தற்காப்பாளரின் நண்பன் ஒருவன் நிற்கட்டும். முதல் நாள் எல்லாரும் நடந்தே செய்யட்டும். நிற்கும் இடம் விளங்கினால் போதும். அடுத்த நாள் ஓட்டத்தோடு செய்யட்டும். விசில் ஒலித்ததும் பின்னால் நிற்பவனும் ஓடி வருவான். அவன் பந்தை நோக்கி ஓடாமல், தன் கோலை நோக்கி நடுவழியாக ஓட வேண்டும். பந்துக்கும் கோலுக்கும் இடையில் வந்த பிறகே திரும்ப வேண்டும். ஆசிரியர் "ஒன்று, இரண்டு, மூன்று" என்று உரக்க எண்ண வேண்டும். நண்பன் வந்து சேரும்வரை தாக்குப் பிடித்தால் தற்காப்பாளருக்கு இரண்டு புள்ளி. எதிரியை ஓரத்துக்கு ஓட்டினால் ஒரு புள்ளி. அவசரப்பட்டுப் பாய்ந்து ஏமாந்தால் ஒரு புள்ளி குறையும். கோல் விழுந்ததா இல்லையா என்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

இது நன்கு பழகிய பின்னர் மூவரை எதிர்த்து இருவர் என மாற்றலாம். அப்போது ஒருவன் பந்தோடு வருபவனை மறிக்க, மற்றவன் மூன்று நான்கு மீட்டர் பின்னாலும் சற்று உள்பக்கமாகவும் நிற்க வேண்டும். இருவரும் ஒருசேரப் பந்தை நோக்கிப் போகவே கூடாது. மிகத் தொலைவில் ஓரமாக ஓடி வரும் மூன்றாமவனை விட்டுவிடலாம்; அவனிடம் பந்து போய்ச் சேருவதற்குள் நகர்ந்து கொள்ள நேரம் இருக்கும்.

இந்தப் பயிற்சியில் கோல் போடும் சிறுவர்கள் உட்பட எல்லா மாணவ மாணவியரும் முறை வைத்துக் கடைசியில் நிற்க வேண்டும். அப்போதுதான் அந்த இடத்தின் அருமை எல்லாருக்கும் புரியும். முன்னால் பந்தை இழந்தவன் திரும்பி ஓடாமல் இடுப்பில் கை வைத்து நின்றால், பின்னால் நிற்பவன் மூன்று விநாடியல்ல, முப்பது விநாடி சம்பாதித்தாலும் பயனில்லை. கோல் விழுந்த பிறகு, "தம்பி, நீ ஏன் விட்டாய்?" என்று கடைசியில் நின்றவனைக் கேட்பதற்கு முன், எத்தனை பேர் திரும்பி ஓடி வந்தார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். கோல் விழுந்த மறு நிமிடமே அவனை வெளியே அழைத்து வேறொருவனை அனுப்புவதும் தகாது. குற்றம் அவனுடையதே என்று திடல் முழுவதற்கும் அறிவிப்பது போலாகும் அது.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. பழிக்கு அஞ்சும் சிறுவன்தான் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுக்கிறான். காலை வாரி விடுகிறான். தெளிவான கோல் வாய்ப்பை அவ்வாறு கெடுப்பவனுக்குச் சிவப்பு அட்டை காட்டப்படும். மற்றொரு சிறுவனின் காலுக்கும் ஊறு நேரும். நேர்மையாகத் தாமதப்படுத்தி, அதன் பிறகும் கோல் விழுந்தால் அது இழிவன்று என்று நாம் முன்கூட்டியே சொல்லி வைத்தால், முறைகேடான ஆட்டத்துக்கு அவன் போக மாட்டான்.

ஆகவே ஆசிரிய நண்பர்களே, அடுத்த ஆட்டத்தில் தனித்து நிற்கும் சிறுவனை நோக்கி இருவர் ஓடி வரும்போது, "போய் எடு" என்று யாரும் கத்த வேண்டாம். "பொறு தம்பி, பின்வாங்கு, ஆள் வருகிறது" என்று சொல்வோம். அதே மூச்சில், முன்னால் நிற்கும் மற்றவர்களைப் பார்த்து, "திரும்பி ஓடுங்கள்" என்றும் சொல்வோம்.