ஃபைல் பூட்டிக்கிச்சா? உடனே ஃபார்மேட் பண்ணாதீங்க

நான் திருப்பூர்ல கம்ப்யூட்டர் சர்வீஸ் பண்றேன். இங்கே ஒரு சின்ன ஜாப் ஒர்க் யூனிட்டுக்கு ஒரே கம்ப்யூட்டர்தான் ஆபீஸ். பேட்டர்ன், மார்க்கர், டேலி, சனிக்கிழமை சம்பளக் கணக்கு எல்லாமே அதுக்குள்ளதான். அது ரேன்சம்வேர்ல மாட்டினா, அந்த வாரச் சம்பளமே நின்னுடும்.

அடையாளம் என்ன? ஃபைல் பெயருக்குப் பின்னால புதுசா நாலெழுத்து வால் முளைச்சிருக்கும். கூடவே 'ரீட்மீ'ன்னு ஒரு டெக்ஸ்ட் ஃபைல். 980 டாலர் கொடு, 72 மணி நேரத்துக்குள்ள வந்தா 490 போதும்னு அதுல இருந்தா, பெரும்பாலும் அது 'ஸ்டாப் டிஜேவியு' வகை. கிராக் பண்ணின சாஃப்ட்வேர் வழியாத்தான் இது அதிகமா வரும்.

உடனே நெட் ஒயரையும் பென் டிரைவையும் கழட்டுங்க. அடுத்து எல்லாரும் சொல்றது, "ஃபார்மேட் அடிச்சிடலாம்ணே". அங்கதான் ஃபைல் நிஜமாவே போகுது. ஒரு செக்கிங் யூனிட் ஓனர் அப்படித்தான் புது விண்டோஸ் போட்டுட்டு வந்தார். அவருடைய வகைக்குச் சாவி இருந்தது. திறக்கத்தான் ஃபைல் இல்லை.

சாவி ரெண்டு வகைங்க. வைரஸுக்குத் தன் சர்வர் கிடைச்சா, ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனிச் சாவி வாங்கிப் பூட்டும். கிடைக்கலைன்னா, தனக்குள்ளேயே இருக்கிற பொதுச் சாவியால பூட்டும். ரீட்மீயில இருக்கிற ஐடி 'டி1'ன்னு முடிஞ்சா அது பொதுச் சாவி. அந்த வகையில ஒருத்தர் சாவி வெளியே வந்துட்டா, மத்தவங்க ஃபைலும் திறக்கும். எம்சிசாஃப்ட் நிறுவனம் 2019 அக்டோபர்ல இதுக்கு இலவச டிகிரிப்டர் வெளியிட்டது. புது வகைகள்ல தனிச் சாவின்னா அதனால முடியாது.

அதனால பூட்டின ஃபைலையும் ரீட்மீயையும் வேற டிஸ்க்ல காப்பி எடுத்து வைங்க. 'நோ மோர் ரேன்சம்' தளத்துல ரெண்டையும் ஏத்தினா, என்ன வகை, இலவசக் கருவி இருக்கான்னு சொல்லும். நெதர்லாந்து போலீஸும் யூரோபோலும் ரெண்டு பாதுகாப்பு நிறுவனங்களோட சேர்ந்து 2016-ல ஆரம்பிச்சது அது. 1930-க்கும் போன் போட்டுப் புகார் கொடுங்க.

இன்னொரு வழியும் உண்டு. இந்த வைரஸ் ஒவ்வொரு ஃபைல்லயும் முதல் 150 கேபி அளவுக்குத்தான் பூட்டும். பெரிய வீடியோ, ஜிப் ஃபைல்ல மிச்சத்தை ஓரளவு மீட்கலாம். சின்ன எக்செல்லுக்கு இது உதவாது. அதுக்கு வெளியே தேடுங்க. பையருக்கு அனுப்பின மெயில், ஆடிட்டருக்குப் போன டேலி பேக்கப், மார்க்கர் பிரிண்ட் போட்ட கடை. பாதி ஃபைல் அங்கேயே கிடைக்கும்.

இனிமேல் சனிக்கிழமை சம்பளம் போட்டு முடிச்சதும் ஒரு காப்பி எடுங்க. எடுத்த டிரைவைக் கழட்டி பீரோவுல வைங்க. சொருகியே வெச்சிருந்தா அதுவும் சேர்ந்து பூட்டிக்கும்.