அநாதைப் பேரருக்கு நிழல் தந்த பாட்டனார்

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

நன்னா என்றும் அப்பா என்றும் ஊருக்கொரு பெயரால் நாம் அழைக்கும் பாட்டனார் ஒருவர் வஃபாத்தாகிவிட்டால், அவருடைய அன்பையும் நற்குணத்தையும் எண்ணியெண்ணிப் பேசுகிறோம். கண்ணீர் வடிக்கிறோம். மஃபிரத்துக்காகத் துஆச் செய்கிறோம். இவையனைத்தும் நல்லவையே. ஆயினும் அவருடைய வாழ்வுக்கு உரிய மரியாதை இவற்றோடு முடிந்துவிடுவதில்லை. எவ்வாறு என்பதை அறிய, நம் நாயகத்தின் பாட்டனார் அப்துல் முத்தலிப் அவர்களின் வரலாற்றைச் சற்றே நோக்குவோம்.

அவருடைய இயற்பெயர் ஷைபா. தந்தை ஹாஷிம், வணிகப் பயணத்தில் காஸா நகரில் இறந்துவிட்டார். தாய் ஸல்மாவின் ஊராகிய யத்ரிபிலேயே ஷைபா வளர்ந்தார். பின்னர் சிறிய தந்தை முத்தலிப் அவரை ஒட்டகத்தில் ஏற்றி மக்காவுக்கு அழைத்து வந்தபோது, பார்த்தவர்கள் அவரை முத்தலிபின் அடிமை என்று எண்ணினர். அப்துல் முத்தலிப் என்ற பெயர் அவ்வாறே நிலைத்தது. தகப்பனை இழந்த பிள்ளையின் நிலை என்னவென்று அவர் தம் வாழ்விலேயே அறிந்தவர்.

மண்மூடி மறைந்து கிடந்த ஸம்ஸம் கிணற்றைத் தம் மகன் ஹாரிஸோடு சேர்ந்து மீண்டும் தோண்டியவரும் அவரே. ஹாஜிகளுக்குத் தண்ணீர் வழங்கும் பணியை அவர் ஏற்று நடத்தினார்.

அவருடைய அருமை மகன் அப்துல்லாஹ், நபியவர்கள் பிறப்பதற்கு முன்பே வஃபாத்தானார். குழந்தை பிறந்ததும் முஹம்மத் என்று பெயரிட்டவர் பாட்டனாரே. பேரருக்கு ஆறு வயதாகும்போது அன்னை ஆமினாவும் அப்வா என்னுமிடத்தில் மறைந்தார்கள். அதன்பின் அப்பிள்ளையை அப்துல் முத்தலிப் தம்முடனேயே வைத்துக்கொண்டார். கஃபாவின் நிழலில் அவருக்காக ஒரு விரிப்பு விரிக்கப்படும். மரியாதை கருதி அவருடைய சொந்த மக்களும் அதில் அமராமல் சுற்றியே அமர்வார்கள். சிறுவர் முஹம்மத் வந்து நேரே அதில் அமர்ந்துவிடுவார். பெரிய தந்தையர் அவரை விலக்க முயன்றால், பாட்டனார் அவர்களைத் தடுத்து, பேரரைத் தம் பக்கத்தில் அமர்த்தி முதுகைத் தடவிக்கொடுப்பார் என்று சரித்திர நூல்கள் கூறுகின்றன.

நபியவர்கள் அநாதையாக இருக்கக் கண்டு அவர்களுக்குப் புகலிடம் அளித்ததை அல்லாஹ் ளுஹா அத்தியாயத்தில் (93:6) நினைவூட்டுகின்றான். அந்தப் புகலிடத்தின் முதல் வாசல் பாட்டனாரின் வீடாக இருந்தது.

இங்கே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. பேரருக்கு எட்டு வயதாகும்போது அப்துல் முத்தலிப் மரணப் படுக்கையில் கிடந்தார். தாம் போன பின் இப்பிள்ளையை எவரேனும் பார்த்துக்கொள்வார்கள் என்று அவர் விட்டுவிடவில்லை. தம் மக்களில் அபூதாலிபைத் தேர்ந்து பொறுப்பை ஒப்படைத்தார். அபூதாலிப் பொருள் வளம் குறைந்தவர். ஆனால் அப்துல்லாஹ்வோடு ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக, தம் இறுதி நாள்வரை, அபூதாலிப் அந்தப் பொறுப்பைக் காத்தார்.

அப்பாட்டனாரை நபியவர்கள் மறக்கவேயில்லை. ஹிஜ்ரி 8 ஆம் ஆண்டு (கி.பி. 630) ஹுனைன் போரில் படை நிலைகுலைந்து பலர் பின்வாங்கிய நெருக்கடியான வேளை. வெள்ளைக் கோவேறு கழுதையின் மீது உறுதியாக அமர்ந்திருந்த அண்ணலார், தாம் பொய்யில்லாத நபி என்று முழங்கியதோடு, தாம் அப்துல் முத்தலிபின் வழித்தோன்றல் என்றும் அறிவித்தார்கள் (புகாரீ, முஸ்லிம்). ஏறக்குறைய அறுபது வயதில், உயிருக்கு ஆபத்தான களத்தில், பாட்டனாரின் பெயர் அந்தத் திருநாவில் வந்தது!

அன்பு வாசகர்களே! நம் மஹல்லாக்களுக்கு வருவோம். ஒருவருக்கு மூன்று மகன்கள். ஒரு மகன் தந்தைக்கு முன்பே இறந்துவிடுகிறான். அவனுடைய மனைவியும் சிறு பிள்ளைகளும் பாட்டனாரின் ஆதரவில் வாழ்கிறார்கள். பாட்டனாரும் ஒருநாள் வஃபாத்தாகிறார். மகன் ஒருவர் உயிரோடு இருக்கையில், முன்னரே இறந்த மகனின் பிள்ளைகளுக்கு வாரிசுப் பங்கு இல்லை என்பது நான்கு மத்ஹபுகளும் ஏற்ற ஃபராயிள் சட்டம். முன்னரே இறந்த மகளின் பிள்ளைகளுக்கும் இதே நிலைதான். பாகப்பிரிவினை பேசும் நாளில், நேற்றுவரை அந்த வீட்டின் செல்லப் பிள்ளைகளாக இருந்தவர்கள் வாசற்படியில் நிற்கிறார்கள். மார்க்கம் அநாதைகளைக் கைவிட்டுவிட்டதா என்று அறியாதோர் கேட்கிறார்கள்.

மார்க்கம் கைவிடவில்லை. வழியைப் பாட்டனாரின் கையில் கொடுத்திருக்கிறது. அதுவே வஸிய்யத். மரணம் நெருங்கும்போது உறவினருக்காக வஸிய்யத் செய்வது குறித்து அல்குர்ஆன் (2:180) பேசுகிறது. வாரிசுகளைப் பொறுத்தவரை அச்சட்டம் பின்னர் மாற்றப்பட்டது. வாரிசல்லாத உறவினருக்கு வஸிய்யத் செய்வது விரும்பத்தக்கது என்பது பெரும்பான்மை அறிஞர்களின் கருத்து. வாரிசுப் பங்கு கிடைக்காத அந்தப் பேரப்பிள்ளைகளுக்கு, மொத்தச் சொத்தில் மூன்றில் ஒரு பகுதிவரை பாட்டனார் எழுதி வைக்கலாம். நோயுற்றிருந்த ஸஃது பின் அபீவக்காஸ் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் அனுமதித்த எல்லை அதுவே. வஸிய்யத் செய்ய வேண்டிய பொருளுடைய முஸ்லிம், அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிப்பது தகாது என்றும் அண்ணலார் எச்சரித்தார்கள் (புகாரீ, முஸ்லிம்).

எகிப்தில் 1946 ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய பேரப்பிள்ளைகளுக்கான வஸிய்யத்தைக் கட்டாயமாக்கியது. பாகிஸ்தானில் 1961 ஆம் ஆண்டு அவசரச் சட்டம் இறந்தவரின் பங்கையே அவர் பிள்ளைகளுக்குக் கொடுத்தது. அதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நம் நாட்டில் அத்தகைய கட்டாயம் எதுவுமில்லை. ஆகவே பொறுப்பு முழுவதும் பாட்டனாரின் மனச்சாட்சியைச் சார்ந்தது. உயில் எழுத முத்திரைத்தாள் தேவையில்லை. பதிவு செய்வதும் கட்டாயமில்லை. நேர்மையான இரு சாட்சிகளை வைத்து, தெளிவாக எழுதினால் போதும். நிலைமை மாறினால் பிறகு திருத்தியும் எழுதலாம்.

நம் திருச்சி மாவட்டத்தில், துறையூர் சாலையிலுள்ள திருவெள்ளறையில் நாலுமூலைக் கேணி என்ற பழங்கிணறு உண்டு. ஏறக்குறைய 1200 ஆண்டுகளுக்கு முன், பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்தில், ஆலம்பாக்கத்தைச் சேர்ந்த விசைய நல்லுழானின் தம்பி கம்பன் அரையன் தோண்டுவித்தது. நான்கு புறமும் படிகள். ஒரு புறம் இறங்குவோரை மறுபுறத்தார் பார்க்க முடியாதபடி அமைத்திருக்கிறார்கள். முதுமை வந்து தளர்த்துவதற்கு முன்னரே, உண்டு மிகுந்ததைப் பிறருக்காக வைத்துவிடுங்கள் என்ற கருத்து அங்கே கல்லில் வெட்டப்பட்டுள்ளது. ஓர் ஊர்ப் பெரியவர் முன்கூட்டியே செய்து வைத்த ஏற்பாடு இத்தனை தலைமுறைகளைக் கடந்தும் அவர் பெயரைச் சொல்கிறது. மறுமையை நம்பும் நாம் இதில் பின்தங்கலாமா?

பாட்டனார்களே! உங்கள் மடியில் அமர்ந்து விளையாடும் தகப்பனில்லாப் பிள்ளைக்கு உங்கள் முத்தம் உங்கள் மூச்சு உள்ளவரைதான். நீங்கள் எழுதி வைக்கும் வரி அதன்பிறகும் அவனைக் காக்கும்.

மகன்களே! உங்கள் தந்தை எழுதாமலே போயிருக்கலாம். பாகம் பிரிக்குமிடத்தில் பங்கில்லாத உறவினரும் அநாதைகளும் ஏழைகளும் வந்திருந்தால் அவர்களுக்கும் கொடுத்து, கனிவாகப் பேசுமாறு அல்லாஹ் கட்டளையிடுகிறான் (4:8). அடுத்த வசனத்தில், பலவீனமான பிள்ளைகளை விட்டுச் செல்ல நேர்ந்தால் தாம் எவ்வளவு அஞ்சுவோம் என்பதை எண்ணிப் பார்க்கச் சொல்கிறான். முதலில் தந்தையின் கடனை அடையுங்கள். சகோதரிகளின் பங்கைக் கேட்கும் முன்பே கொடுங்கள். பின்னர் உங்கள் பங்கிலிருந்து மனமுவந்து அண்ணன் பிள்ளைக்கு ஒரு பகுதியைக் கொடுங்கள். தந்தையை நினைவுகூரும் முறைகளில் இதைவிடச் சிறந்ததை நான் அறியேன்.

நபியவர்கள் தம் பேத்தி உமாமாவைத் தோளில் சுமந்தவாறே தொழுதார்கள். ருகூஉ, ஸுஜூதின்போது இறக்கி வைத்து, எழும்போது மீண்டும் தூக்கிக்கொண்டார்கள் (புகாரீ, முஸ்லிம்). பாட்டனாரிடம் பெற்ற அரவணைப்பை அண்ணலார் பேரப்பிள்ளைகளுக்கு வழங்கிய விதம் அது.

யா அல்லாஹ்! எங்கள் பாட்டன்மார், பாட்டிமாரின் பிழைகளைப் பொறுத்து அவர்களின் கப்ருகளை ஒளிமயமாக்குவாயாக! எங்கள் குடும்பங்களிலுள்ள அநாதைகளின் உரிமையைப் பேணும் மனத்தை எங்களுக்குத் தருவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.