கல்லும் ஒளியும்: கேப்டன் டிரைப் கண்ட மதுரையும் தஞ்சையும்



பரிபாடலின் பத்தொன்பதாம் பாடலில் ஒரு காட்சி உண்டு. மதுரையிலிருந்து திருப்பரங்குன்றம் சென்ற மக்கள் அங்குள்ள ஓவியங்களைச் சுற்றிப் பார்க்கின்றனர். காமனும் இரதியும், இந்திரனும் அகலிகையும் கவுதமனும் அங்கே தீட்டப்பெற்றுள்ளனர். இவர் யார், அவர் யார் எனச் சிலர் வினவ, அறிந்தவர் விடை கூறுகின்றனர். பாடிய நப்பண்ணனார் அவ்விடத்தின் நீளத்தையோ அகலத்தையோ அளந்து சொல்ல முற்படவில்லை. பார்ப்பவர்தம் விரலையும் குரலையுமே காட்டினார். ஊர்விட்டு ஊர் சென்று கட்டடமும் ஓவியமும் கண்டு மகிழ்தல் தமிழர்க்குப் புதிய பழக்கம் அன்று என்பதற்கு இப்பாடல் ஒன்றே போதும். கண்டதைப் பெட்டிக்குள் அடைத்துக்கொண்டு வீடு திரும்புதல்தான் பிற்கால வரவு.

அவ்வாறு தமிழகக் கட்டடக் கலையை ஒழுங்குமுறையோடு பெட்டிக்குள் அடைத்துச் சென்ற முன்னோடிகளுள் தலையானவர் ஒரு படை அலுவலர். லின்னேயஸ் டிரைப் என்பது அவர் பெயர். 1822ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையிற் சேர்ந்தவர். விடுப்பில் தாயகம் சென்றிருந்த காலத்தில் ஒளிப்படக் கலை அவரைப் பற்றிக்கொண்டது. 1854ஆம் ஆண்டின் இறுதியில் அளேபீடு, பேலூர்ச் சிற்பங்களைப் படமெடுத்தார். அடுத்த ஆண்டு தூதுக்குழு ஒன்றுடன் பர்மா சென்றார். 1856-இல் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக அமர்த்தப்பெற்றார். 1857 டிசம்பரில் தொடங்கிய அவருடைய தென்னகப் பயணம் 1858 ஏப்ரல் வரை நீண்டது. இராயக்கோட்டை, திருச்சிராப்பள்ளி, திருவரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை ஆகியன அவர் தங்கிப் படமெடுத்த ஊர்கள். வடக்கே சிப்பாய்ப் புரட்சி கனன்றுகொண்டிருந்த மாதங்கள் அவை என்பதை நினைவில் வைத்துக்கொண்டே அப்படங்களைப் பார்த்தல் வேண்டும்.

இன்று கைப்பைக்குள் அடங்கும் கருவியை மனத்திற் கொண்டு டிரைப்பின் பணியை மதிப்பிடல் ஆகாது. அவருடைய நெகட்டிவ் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12 அங்குல அகலமும் 15 அங்குல நீளமும் உடையது. அதுவும் கண்ணாடி அன்று, காகிதம். காகிதத்தை மெழுகில் ஊறவைத்து, மருந்தூட்டி, வெள்ளி உப்பால் ஒளியுணரச் செய்து, பெட்டியிற் பொருத்தி, நிமிடக் கணக்கிற் காத்திருந்து, பின்னர் இருட்டறையில் மணிக்கணக்காக உருவேற்ற வேண்டும். பங்குனி வெயில் மெழுகை என்ன பாடு படுத்தியிருக்கும் என்பதைத் தமிழ்நாட்டில் வாழ்பவர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. அக்காலத்து மருந்து நீல ஒளியை அளவுமீறி உண்ணும் இயல்பினது. ஆகவே வானம் வெறும் வெள்ளைத் தாளாகவே பதியும். டிரைப் அதனைப் பொறுக்கவில்லை. நெகட்டிவின்மீது தூரிகையால் வண்ணம் தீட்டி மேகங்களைப் படைத்தார். பர்மா படங்களில் நாம் காணும் மேகங்கள் பல, வானத்தில் ஒருபோதும் மிதவாதவை! ஒளிப்படம் பொய் சொல்லாது என்போர் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம். ஆயினும் கல்லில் அவர் கைவைக்கவில்லை; தூணின் விளிம்பும் சிற்பத்தின் மூக்கும் சிதைந்திருந்தவாறே சிதைந்து நிற்கின்றன.

வெளிப்புறத்தைப் படமெடுத்தல் ஒன்று. உட்புறத்தைப் படமெடுத்தல் வேறொன்று. கோபுரம் வெயிலிற் குளித்து நிற்கும். மண்டபத்தின் உள்ளே ஒளி கடன் வாங்கித்தான் வர வேண்டும். மதுரைப் புது மண்டபத்தின் தென்புற நடைவழியை மேற்கு முகப்பிலிருந்து டிரைப் எடுத்த படம் இவ்வகையில் தலைசிறந்தது எனலாம். தூண்கள் ஒன்றன்பின் ஒன்றாக உள்வாங்கிச் செல்ல, இடையிடையே புகும் வெளிச்சம் கருங்கல்லின்மீது படிந்து கிடக்கிறது. கண் ஒரு நொடியிற் கடந்துவிடும் இடத்தில் கருவி நெடுநேரம் நின்றிருக்கிறது. அந்நிற்றலின் பயனாக, நேரிற் சென்றோர் பலரும் காணாத நுணுக்கங்கள் அப்படத்தில் தென்படுகின்றன. திருமலை நாயக்கர் எழுப்பிய அம்மண்டபம் இளவேனில் விழாவுக்கென அமைந்தது. நாயக்க மன்னரின் சிலைகள் தூண்களில் நிற்கின்றன. அச்சிலைகளுக்கு நடுவே தையற்காரரும் பாத்திர வணிகரும் புத்தகக் கடைக்காரரும் தலைமுறை தலைமுறையாக வாணிகம் செய்த பிற்கால மதுரையை அறிந்தவர்க்கு, டிரைப்பின் ஆளற்ற நடைவழி வேறோர் உலகமாகத் தோன்றும். அக்கடைகள் பின்னர்க் குன்னத்தூர்ச் சத்திரத்துக்கு மாற்றப்பெற்றன. கடைகளின் இரைச்சல் மண்டபத்தின் அழகைக் கெடுத்தது என்பாரும் உளர். அதுவே மண்டபத்தின் உயிர் என்பாரும் உளர். இரு சாராரும் சான்றுக்கு அழைக்கக்கூடியது இந்தப் படம்.

திருமலை நாயக்கர் மகாலின் செய்தி வேறு. இன்று பயணிகள் அண்ணாந்து வியக்கும் அம்மாளிகையை டிரைப் கண்டபோது அது பாதி இடிபாடு. ஆளுநர் நேப்பியர் பிரபு காலத்தில், 1866க்கும் 1872க்கும் இடையில்தான், கட்டடக் கலைஞர் சிசோம் துணையுடன் அது செப்பனிடப்பெற்றது. எனவே, செப்பனிடுமுன் மகால் எவ்வாறிருந்தது, இன்றைய சுதையில் எது நாயக்கர் காலத்தது, எது வெள்ளையர் காலத்தது என ஆராய்வோர்க்கு 1858-இன் படங்களே புகலிடம். கட்டடத்துக்கு முதுமை வருவதும் மருத்துவம் பார்ப்பதும் இயல்பு. மருத்துவத்துக்கு முந்திய முகத்தை எவரேனும் எழுதி வைத்திருத்தல் வேண்டும். 2018 பிப்ரவரி 2ஆம் நாள் இரவு மீனாட்சியம்மன் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபம் தீக்கிரையானபோது, இவ்வுண்மை மதுரையின் நெஞ்சில் மீண்டும் சுட்டது. தூண்கள் வெடித்துச் சரிந்தன; மீண்டும் எழுப்ப முனைவோர்க்குப் பழைய படங்களின் அருமை அன்றுதான் விளங்கியது.

டிரைப்பைப் புகழுமிடத்து ஒன்றை மறைத்தல் நேர்மை ஆகாது. அவரை அனுப்பியது அரசு. தான் ஆளும் நிலத்தில் உள்ளவற்றைக் கணக்கெடுக்க விரும்பிய அரசு. தஞ்சை மன்னர் சிவாஜி 1855-இல் ஆண் வாரிசின்றி மறைய, அவ்வரசைக் கம்பெனி விழுங்கிய மூன்றாம் ஆண்டில் டிரைப் தஞ்சையில் கருவியை நிறுத்தினார். அரசர் இல்லாத அரண்மனையை அரசர்தம் இடத்தைப் பிடித்தவர்களின் அலுவலர் படமெடுத்தார். அப்படங்களிற் பெரும்பாலானவற்றில் மனிதர் இலர். நிமிடக் கணக்கில் அசையாதிருக்க மனிதரால் இயலாது என்பது ஒரு காரணம். நடந்து சென்றவர் பதியாமலே மறைந்திருப்பர். ஆனால் அது மட்டும் காரணமா என்னும் ஐயம் எழாமற் போகாது. திருப்பரங்குன்றத்தில் நப்பண்ணனார் கேட்ட வினாவும் விடையும் இங்கே இல்லை. தூணுக்குத் தூண் சாய்ந்திருந்து கதை பேசும் முதியோர் இல்லை, பூக்கட்டும் பெண்டிர் இல்லை, தேவாரம் ஓதுவார் இல்லை. இப்படங்களையே பார்த்த வெளிநாட்டார், தமிழர் கோயில்கள் கைவிடப்பட்ட இடங்கள் என்று எண்ணியிருந்தால் வியப்பதற்கில்லை.

அப்பணியையும் அரசு நெடுங்காலம் தாங்கவில்லை. 1859-இல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெலியனுக்கு அது வீண் செலவாகத் தோன்றியது. 1860-இல் துறை மூடப்பெற்றது. அதன்பின் டிரைப் பெரிதாகப் படமெடுத்தாரில்லை, 1902-இல் மறைந்தார்.

ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கடந்துவிட்ட இக்காலத்தில், கோயிலுக்குச் செல்வோர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு கருவி. செல்பேசியால் வழிபாடு குலைகிறது என்று 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தமிழகக் கோயில்களில் அதற்குத் தடை விதிக்கப் பணித்தது. தம் முகத்தை முன்னிறுத்திச் சிற்பத்தைத் திரைச்சீலையாக்கிக் கொள்வோரைக் கண்டவர்கள் அத்தடையைக் குறை கூறார். ஆயினும் அதே தடை, கல்வெட்டெழுத்து ஒன்றைப் படித்துப் பார்க்க விரும்பும் பள்ளி ஆசிரியரின் கையையும் கட்டிப்போடுகிறது. திருப்பணியின்போது மணல் வீச்சால் எழுத்துத் தேய்ந்த கோயில்களும், வண்ணப் பூச்சுக்குள் வரிகள் புதைந்த கோயில்களும் நாட்டில் உள்ளபோது, எல்லாக் கருவியும் ஒன்றே எனக் கொள்ளுதல் பொருந்துமா என்பதை அறிஞர் எண்ணிப் பார்த்தல் நலம்.

இவ்விடத்தில் டிரைப் தஞ்சையிற் செய்த ஒரு செயல் நினைக்கத்தக்கது. பெரிய கோயிலின் விமானத்தை அவர் படமெடுத்தார், நந்தியை எடுத்தார், இவை எந்தப் பயணியும் எடுப்பன. ஆனால் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டின்முன் வந்ததும் அவர் வேறு மனிதர் ஆனார். எழுத்து நீண்டுகொண்டே சென்றது. ஒரு தாளில் அடங்கவில்லை. கருவியைச் சிறிது நகர்த்தினார், மீண்டும் எடுத்தார். மேலும் நகர்த்தினார், மீண்டும் எடுத்தார். இவ்வாறு எடுத்த 21 படங்களை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக்கினார். ஒட்டிய இடம் தெரியாதிருக்கத் தூரிகையால் நயப்படுத்தவும் செய்தார். அன்றைய உலகில் அதற்கு நிகராக ஒன்றைக் காட்டுதல் அரிது. அழகிய வளைவு ஒன்று, இருளும் ஒளியும் கலந்த மூலை ஒன்று எனத் தேர்ந்தெடுக்கும் கலைஞனின் உரிமையை அங்கே அவர் துறந்துவிட்டார். கல் எவ்வளவு பேசியதோ அவ்வளவும் கேட்டார்.

அந்த எழுத்துகளைப் படித்துணரும் அறிவு அவர்க்கு இல்லை. தஞ்சைப் படத் தொகுதிக்கு விளக்கக் குறிப்பு எழுதியவர் ஜி.யு. போப்; பின்னாளில், 1886-இல், திருக்குறளை ஆங்கிலத்தில் தந்த அதே போப்தான். ஆனால் தஞ்சைக் கல்வெட்டுகள் முறையாகப் படிக்கப்பெற்று அச்சேற, ஹுல்ஷ் என்னும் ஜெர்மானிய அறிஞர் வரும்வரை, 1890களின் தொடக்கம் வரை, தமிழுலகம் காத்திருக்க வேண்டியதாயிற்று. அப்போதுதான் அக்கோயிலைக் கட்டியவன் முதலாம் இராசராசன் என்பது ஐயமின்றி நிலைபெற்றது.

ஹுல்ஷ் பதிப்பித்தவற்றுள், அக்கோயிலின் வேறோரிடத்துக் கல்வெட்டொன்று உண்டு. பல ஊர்த் தளிகளிலிருந்து தஞ்சைக்குக் கொண்டுவரப்பெற்ற தளிச்சேரிப் பெண்டிர் நானூற்றுவரின் பட்டியல் அது. ஒவ்வொருத்திக்கும் பெயர் உண்டு. அவள் எந்த ஊர்த் தளியிலிருந்து வந்தாள் என்பது உண்டு. எத்தெருவில், எச்சிறகில், எத்தனையாம் வீட்டில் குடியிருந்தாள் என்பதும் உண்டு. டிரைப்பின் படங்களில் வெறுமையாகக் கிடக்கும் அதே முற்றத்தைச் சுற்றித்தான் அவர்கள் வீடுகள் இருந்தன.