பனங்கட்டியும் சாயத்தண்ணியும்: சின்ன இனிப்புத் தொழிலுக்கு யாழ்ப்பாணம் தரும் பாடம்

(தோட்டக் குடும்பங்களுக்கான சுயதொழில் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



வீட்டில் இருந்தபடியே டொபி, சொக்கலேட் மாதிரி ஏதாவது செஞ்சு விக்கலாமா என்று நம்ம தோட்டங்களில் பலர் கேட்கிறார்கள். நல்ல கேள்விதான். கொழுந்துச் சம்பளம் மட்டும் போதாத வீட்டுக்கு இரண்டாவது வருமானம் ஒன்று வேண்டும். ஆனால் இந்தக் கேள்விக்குப் பின்னாலேயே இன்னொன்றும் வருகிறது: "மெசின் வாங்க லோன் எடுக்கலாமா?" அந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம். நுண்கடன் எடுத்துக் கட்ட முடியாமல் தவித்த பெண்கள் வடக்கிலும் இருக்கிறார்கள், நம்ம லயங்களிலும் இருக்கிறார்கள். ஆகவே என்ன செய்வது, யாருக்கு விற்பது, ஒரு துண்டுக்கு என்ன செலவாகும் என்பதை முதலில் பேசுவோம். மெசின் கதை பிறகு.

கடையில் கண்ணாடிப் போத்தலில் இருக்கும் டொபியைப் பார்த்து அதே மாதிரி நாமும் செய்தால் நிற்க முடியுமா? முடியாதுங்க. கம்பனிக்காரன் சீனியை மூட்டைக் கணக்கில் வாங்குகிறான், உறையை மெசினில் சுத்துகிறான். அவன் விலைக்கு நாம் கொடுத்தால் நம்ம கைக்கூலி போய்விடும். உபாலி விஜயவர்தனவும் லீவர் பிரதர்ஸ் கம்பனி வேலையை விட்டுவிட்டு, சின்ன அளவில் டெல்டா டொபி செய்துதான் ஆரம்பித்தார் என்று சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் அப்போது கடைகளில் இருந்த இடம் இப்போது இல்லை. இன்று சின்னக் கை பிழைக்க வேண்டுமானால், பெரிய கை செய்யாததைச் செய்ய வேண்டும்.

அதைச் செய்து காட்டுகிற ஊர் ஒன்று நம்ம நாட்டிலேயே இருக்கிறது. அதுதான் யாழ்ப்பாணம்.

அங்கே வற்றாத ஆறு இல்லை, மலை இல்லை. நிலம் வறண்டது. ஆனால் பனை இருக்கிறது. அந்த ஒரு மரத்திலிருந்து எத்தனை இனிப்பு எடுக்கிறார்கள் என்று பாருங்க.

முதலாவது பனங்கட்டி. பாளையைச் சீவி முட்டியைக் கட்டுவார்கள். முட்டிக்குள் சுண்ணாம்பு தடவினால் சாறு புளிக்காமல் நிற்கும். அதுதான் கருப்பணி. சுண்ணாம்பு இல்லாவிட்டால் அது கள்ளாகிவிடும். கருப்பணியைத் தெளிய வைத்து, தாச்சியில் கொதிக்க வைத்து, பதம் வந்ததும் ஊற்றினால் பனங்கட்டி. சாற்றில் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்குதான் இனிப்பு; மற்றதெல்லாம் தண்ணீர். ஒரு கிலோ பனங்கட்டிக்கு எட்டு முதல் பத்து லீட்டர் வரை வற்ற வேண்டும். நம்ம பக்கத்தில் கித்துள் சாற்றைக் காய்ச்சிக் கருப்பட்டி செய்வதும் இதே வேலைதான்.

இரண்டாவது கல்லாக்காரம். கருப்பணிப் பாகை ஆடாமல் அசையாமல் நாள் கணக்கில் வைத்தால் கற்கண்டு விளையும். மூன்றாவது பனாட்டு. பழுத்த பனம்பழத்தின் களியைப் பிழிந்து, பாயில் மெல்லியதாகப் பூசி, வெயிலில் காயவிட்டு, அதன்மேல் மறுபடியும் பூசி, தட்டுத் தட்டாக எடுப்பார்கள். அதையே பாணியில் ஊறப் போட்டால் பாணிப் பனாட்டு. இவற்றோடு எள்ளுருண்டை, எள்ளுப்பாகு, பயற்றம் பணியாரம் என்று வீட்டுப் பலகாரங்களும் இருக்கின்றன. இதில் எதற்கும் பெரிய மெசின் தேவையில்லை. தாச்சி, அகப்பை, பாய், வெயில், பொறுமை இருந்தால் போதும்.

இங்கே நமக்குச் சொந்தமான ஒரு விடயமும் இருக்கிறது. 1990களில் பொருளாதாரத் தடையால் தீபகற்பத்துக்குச் சீனி ஒழுங்காக வராத காலத்தில், அங்குள்ள சனங்கள் ஒரு துண்டு பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடித்தார்கள். அந்தத் தேயிலை நம்ம மலையில் பறித்த கொழுந்து. இனிப்பு அவர்கள் பனையில் இறக்கிய சாறு. சீனி வந்த பிறகும் அந்தப் பழக்கம் முழுசா போய்விடவில்லை. இன்று அதை ருசிக்காகத் தேடி வாங்குகிறார்கள். வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் பெட்டியில் வைத்துக் கொண்டு போகிறார்கள். தட்டுப்பாட்டுக் காலத்துச் சாமான் இப்போது ஊரின் அடையாளமாக விற்கிறது.

இதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடங்கள் சில உண்டு.

1. கடைசிக் கையில்தான் காசு

பனை ஏறுகிறவரின் வேலை நம்ம வேலையை விட ஆபத்தானது. காலையும் மாலையும் உயரத்துக்கு ஏற வேண்டும்; தவறினால் உயிர் போகும். அப்படி இறக்கிய சாற்றை அப்படியே விற்றால் கிடைப்பது கொஞ்சம். அதைக் கட்டியாக்கி, துண்டாக்கி, பொதி செய்து விற்கிற கைக்கே அதிகம் போகிறது. அதனால்தான் அங்கே தொழிலாளர்களே சேர்ந்து பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்களை அமைத்தார்கள். 1978இல் பனை அபிவிருத்திச் சபையும் வந்தது. கைதடியில் பனை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. போர்க்காலத்தில் காவலரண் கட்ட எத்தனையோ பனைகள் தறிக்கப்பட்டன. அதற்குப் பிறகும் அந்தத் தொழில் எழும்பியதற்குச் சங்கங்களும் ஒரு காரணம்.

கொழுந்தைக் கிலோக் கணக்கில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வருகிற நமக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. இனிப்பில் மட்டுமாவது கடைசிக் கை நம்ம கையாக இருக்கட்டும்.

2. பழைய ருசி, புதிய அளவு

புதுச் சரக்கு என்றால் யாருக்கும் தெரியாத ருசியைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று நினைக்காதீங்க. சனங்களுக்குப் பழகிய ருசியை, அவர்களுக்கு வசதியான அளவில் கொடுப்பதும் புதுச் சரக்குத்தான். யாழ்ப்பாணத்தில் பனங்கட்டியைப் பனையோலையில் பின்னிய சின்னப் பெட்டியில் ஊற்றுவார்கள். அதைக் குட்டான் என்பார்கள். அச்சும் அதுவே, உறையும் அதுவே, பார்த்தவுடன் ஊரைச் சொல்லும் அடையாளமும் அதுவே. பொலித்தீனுக்குச் செலவில்லை.

இந்த வழியில் செய்து பார்க்கக்கூடிய சில யோசனைகளைச் சொல்லுகிறோம்.

ஒன்று, தேத்தண்ணிக் கடி. ஒரு கோப்பைத் தேத்தண்ணிக்கு ஒரு துண்டு என்ற அளவில் சின்னக் கட்டிகள். சும்மா ஒன்று, சுக்கு போட்டது ஒன்று, ஏலக்காய் போட்டது ஒன்று. யாழ்ப்பாணத்தில் பனங்கட்டியில் செய்யலாம். நாம் கித்துள் கருப்பட்டியில் செய்யலாம். ஒரு பக்கட் தேயிலைத் தூளோடு பத்துத் துண்டு சேர்த்துக் கட்டினால், நுவரெலியா, எல்ல பக்கம் வருகிற சுற்றுலாக்காரர்கள் வாங்கிப் போவார்கள்.

இரண்டு, எள்ளுப் பாளம். வறுத்த எள்ளைப் பாகில் போட்டுத் தட்டில் பரப்பி, சூடு ஆறுமுன் கத்தியால் கோடு போட்டு விரல் அளவுத் துண்டாக உடைப்பது. உருண்டையை விட இது பொதி செய்ய லேசு. பாடசாலைப் பிள்ளைக்கும் கையில் ஒட்டாது.

மூன்று, பழப் பாளம். பனாட்டு முறையை நம்ம பழத்தில் செய்வது. கொய்யா, அன்னாசி, மாம்பழம் எதுவும் ஆகும். நமக்கு வெயில் குறைவு என்பதால், மெல்லியதாகப் பூசி, ஈ எறும்பு வராமல் துணி மூடி, அடுப்புச் சூட்டிலும் வைத்து உலர்த்த வேண்டும். நீளத் துண்டாக வெட்டிச் சுருட்டினால் பிள்ளைகளுக்கு டொபி மாதிரியே இருக்கும்.

நான்கு, சொக்கலேட் பூசிய இஞ்சி. இதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

3. சொக்கலேட்டும் நம்ம குளிரும்

யாழ்ப்பாணத்தில் சின்ன அளவில் சொக்கலேட் செய்வது கஷ்டம். சித்திரை, வைகாசியில் வெப்பம் 30 பாகையைத் தாண்டும். கொக்கோ வெண்ணெய் அந்தச் சூட்டிலேயே இளகத் தொடங்கி, 34 பாகை அளவில் உருகிவிடும். குளிரூட்டி இல்லாமல் கடையில் வைக்க முடியாது. பனங்கட்டி, எள்ளு, பனாட்டு ஆகியவை அந்த ஊரில் நிலைத்ததற்கு வெயிலைத் தாங்கும் குணமும் ஒரு காரணம்.

நமக்கு நிலைமை வேறு. ஹட்டன், நுவரெலியா பக்கத்துக் குளிரைப் பற்றி எத்தனையோ தரம் சலித்திருக்கிறோம். சொக்கலேட் வேலைக்கு அதே குளிர் உதவி செய்யும். கொக்கோவும் தூரத்தில் இல்லை. மாத்தளை, கண்டி மாவட்டங்களிலேயே விளைகிறது. கொட்டையிலிருந்து தொடங்க வேண்டாம். கட்டிச் சொக்கலேட் வாங்கி, சுடுதண்ணிப் பாத்திரத்தின் மேல் இன்னொரு பாத்திரத்தை வைத்து உருக்குங்க. ஒரு சொட்டுத் தண்ணி விழுந்தாலும் இறுகிக் கட்டியாகிவிடும், கவனம். கறுப்புச் சொக்கலேட்டை 45 பாகை வரை சூடாக்கி, கிளறிக்கொண்டே 27 வரை ஆறவிட்டு, மறுபடி 31க்குக் கொண்டு வந்தால்தான் பளபளப்பாக இறுகும். இல்லாவிட்டால் இரண்டொரு நாளில் வெள்ளை படரும். ஒரு வெப்பமானி மட்டும் வாங்கினால் போதும். சீனிப்பாகில் வெந்து உலர்ந்த இஞ்சித் துண்டை அதில் பாதி தோய்த்து எடுங்க. காரமும் கசப்பும் இனிப்பும் ஒன்றாக இருக்கும்.

ஒன்றை மறக்க வேண்டாம். இதை இங்கே செய்து கொழும்புக்கோ யாழ்ப்பாணத்துக்கோ பஸ்ஸில் அனுப்பினால் குழம்பாகத்தான் போய்ச் சேரும். சொக்கலேட்டைக் குளிர் ஊரில் விற்போம். எள்ளுப் பாளத்தை வெளியூருக்கு அனுப்புவோம்.

4. பதமும் ஈரமும்

பாகுப் பதத்தைத் தண்ணீரில் விட்டுப் பார்க்கலாம். ஒரு சொட்டு விட்டால் மெத்தென்று உருட்ட வருவது உருட்டுப் பதம், 112 முதல் 116 பாகை. "டக்" என்று உடைவது முறுகல் பதம், 150 பாகை அளவு. மெல்லிய டொபிக்கு முதலாவது, பாளத்துக்கு இரண்டாவது. கருப்பட்டிப் பாகு சீக்கிரம் கருகும், ஆகவே தீயைக் குறைத்து வைக்க வேண்டும்.

சீனிப்பாகு மணல் மாதிரிப் பூத்துப் போனால் சில சொட்டுத் தேசிக்காய்ப் புளி விட்டால் சரியாகும். கருப்பட்டிக்கும் பனங்கட்டிக்கும் அதை விடாதீங்க. அவை ஏற்கனவே காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். புளி விட்டால் இன்னும் இளகும். மழையும் பனியுமான நம்ம ஊரில் இதுதான் பெரிய தொல்லை. மழை நாளில் பாளம் ஊற்ற வேண்டாம். ஆறியவுடன் உறை சுற்றி, காற்றுப் புகாத டின்னில் போட வேண்டும். முதலில் பத்துத் துண்டை இரண்டு வாரம் வைத்துப் பாருங்க. ஒட்டாமல், பூஞ்சணம் பிடிக்காமல் இருந்தால் கடைக்குக் கொடுங்க.

5. கைக்கூலியைக் கணக்கில் எழுதுங்க

உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போடுவோம். 100 துண்டு எள்ளுப் பாளத்துக்குச் சாமான் 900 ரூபா, அடுப்புச் செலவு 150, உறை 150 என்று வைப்போம். மொத்தம் 1,200. "ஒரு துண்டு 12 ரூபா. 15க்குக் கொடுத்தால் 300 ரூபா லாபம்" என்று சந்தோசப்படுவோம். ஆனால் பத்துத் துண்டு உடைந்துவிடும். 90 துண்டுக்கு வருவது 1,350. மிச்சம் 150 ரூபாதான். நாலு மணித்தியாலம் அடுப்படியில் நின்றதற்கு அதுதான் கூலி.

சரியான கணக்கு இப்படி: நாலு மணித்தியாலத்துக்கு 600 ரூபா கைக்கூலியைச் சேர்த்தால் செலவு 1,800. அதை 90ஆல் பிரித்தால் துண்டு 20 ரூபா. கடைக்கு 25க்குக் கொடுத்தால்தான் கூலியும் வரும், 450 ரூபா மேலதிகமும் வரும். அந்த விலைக்கு ஆள் வாங்காவிட்டால் சரக்கை மாற்றுங்க. கைக்கூலியைக் குறைக்காதீங்க. தோட்டத்தில் நம்ம உழைப்புக்குச் சரியான விலை கேட்டுப் போராடுகிறவர்கள், வீட்டில் அதே உழைப்புக்கு விலை போடாமல் விடலாமா?

இந்தக் கணக்கு மூன்று மாதம் ஒழுங்காக நின்ற பிறகு லோனைப் பற்றி யோசிக்கலாம். அதுவரை வீட்டுத் தாச்சியே போதும். ஐந்தாறு பேர் சேர்ந்து சீட்டுப் பிடித்து வெப்பமானியும் தராசும் வாங்கலாம்.

6. நம்பிக்கையைக் கெடுக்க வேண்டாம்

கித்துள் கருப்பட்டியிலும் பனங்கட்டியிலும் சீனி கலக்கிற பழக்கம் இருக்கிறது. அதனால் உண்மையாகச் செய்கிறவனின் சரக்குக்கும் விலை விழுகிறது. சீனி சேர்த்தால் சீனி சேர்த்தது என்று எழுதுங்க. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் சின்னத் தொழிலுக்கும் பொருந்தும். பெயர், நிறை, சேர்ந்த பொருட்கள், செய்த திகதி, முடிவுத் திகதி, செய்தவர் விலாசம் எல்லாம் உறையில் இருக்க வேண்டும். பி.எச்.ஐ. ஐயா தேடி வருமுன் நாமே அவரிடம் போய் இடத்தைக் காட்டி ஆலோசனை கேட்பது நல்லது. எள்ளு, நிலக்கடலை, பால் ஆகியவை சிலருடைய உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது. அவை சேர்ந்திருந்தால் கட்டாயம் எழுதுங்க. எதையும் மருந்து என்று சொல்லி விற்க வேண்டாம். இனிப்பு இனிப்புத்தான்.

அன்பானவர்களே, யாழ்ப்பாணத்தார் தங்கள் முற்றத்துப் பனையைப் பார்த்துத் தொடங்கினார்கள். நாமும் நம்மைச் சுற்றிப் பார்ப்போம். கித்துள் இருக்கிறது, இஞ்சி இருக்கிறது, ஏலம் இருக்கிறது, குளிர் இருக்கிறது, உலகமே குடிக்கிற தேத்தண்ணியும் நம்மிடம்தான் இருக்கிறது. இந்த வாரம் வீட்டில் ஒரே ஒரு சாமானைச் செய்து பாருங்க. பக்கத்து லயத்தில் பத்துப் பேருக்குக் கொடுத்து ருசி கேளுங்க. செலவை ஒரு கொப்பியில் எழுதுங்க. அடுத்த வகுப்புக்கு வரும்போது அந்தக் கொப்பியையும் கொண்டு வாங்க. இருந்து சேர்ந்து கணக்குப் பார்ப்போம்.